முதல் அறுபது அடி

நாகப்பட்டினம்–காரைக்கால் சாலை. திருமலைராயன்பட்டினம். தகரக் கூரை போட்ட ஷெட். வாசலில் பூவரசு. பூவரசில் ஆணியடித்து மாட்டிய டயர். டயரில் வெள்ளைப் பெயின்டில் ‘பஞ்சர்’. பஞ்சர் பார்த்தவர் போய் வெகு காலம் ஆகிறது. டயர் இருக்கிறது.

உள்ளே ஒரு வெள்ளை டிசையர். மஞ்சள் போர்டு. பிஒய் 02. முன்பக்கம் ஜாக்கியின் மேலும் ஒரு மரக்கட்டையின் மேலும் நிற்கிறது. கியர்பாக்ஸ் கீழே சாக்கின் மேல் கிடக்கிறது. அதன் வாயில் பழைய பனியன் துணி அடைத்திருக்கிறது. எண்ணெய் சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் டப்பா. டப்பா நிறைய நேரம் எடுத்துக்கொள்கிறது.

தெற்கிலிருந்து லாரி வருகிறது. வாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரி. தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். லாரி போன பிறகு மெக்கானிக் டீ கிளாஸின் மேல் வைத்திருந்த உள்ளங்கையை எடுக்கிறார்.

அவருக்கு ஐம்பது இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் காது இல்லை. அந்தப் பக்கம் நூல். கிளட்ச் பிளேட்டை வெளிச்சத்தில் பிடிக்கிறார். விளிம்பு கருத்திருக்கிறது. ரிவெட்டின் தலைகள் வெளியே தெரிகின்றன. முகர்ந்து பார்க்கிறார். பிறகு டிரைவரிடம் நீட்டுகிறார். டிரைவரும் முகர்கிறார்.

“ஹாஃப் கிளட்ச்” என்கிறார் மெக்கானிக்.

“சனிக்கிழமை திருநள்ளாத்துல வண்டி ஓட்டிப் பாருங்கண்ணே.”

டிரைவருக்குச் சனீஸ்வரன் கோவிலில் தொடங்கும் நாள், நாகூர் தர்கா வழியாக வேளாங்கண்ணியில் முடியும். மூன்று மதம், ஒரே நாள் வாடகை. மூன்று இடத்திலும் வண்டி அடிக்கணக்கில் நகரும். இடது கால் பெடலிலேயே இருக்கும்.

மெக்கானிக் பதில் சொல்லாமல் பிளேட்டைத் தரையில் வைக்கிறார். டிரைவரின் கண்ணில் படும்படி வைக்கிறார்.

பூவரசின் நிழலில் நான்கு பேர். மூவர் பாலிடெக்னிக் பையன்கள். ஒருவன் அபுதாபியிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். ஊருக்கு வந்து ஒரு வாரமாகியும் கால்சட்டையில் அங்கத்து ஒர்க்‌ஷாப்பின் பெயர். கையில் போன். நான்கு தலைகளும் போனின் மேல் கவிந்திருக்கின்றன.

திரையில் இரவு. அபுதாபி, யாஸ் மரினா. மேலே வரிசையாக விளக்குகள். கீழே இரண்டு தடங்கள், நேராக. ஒரு தடத்தில் மஸ்டாங். மற்றதில் நீல நிற சுபாரு. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ. கூரைக்குப் பின்னால் பெரிய இறக்கை.

பையன்கள் சுபாருவை நேரில் பார்த்ததில்லை. இந்தியாவில் அந்த நிறுவனத்தின் ஃபாரஸ்டர் கொஞ்ச காலம் ஷெவர்லே பெயரில் விற்றது. காரைக்கால் பக்கம் அதுவும் கண்ணில் பட்டதில்லை.

மஸ்டாங் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்று பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. புகை. முன்சக்கரங்கள் அப்படியே நிற்கின்றன. ரப்பர் சூடேறிப் பிசுபிசுக்கிறது. கைதட்டல் கேட்கிறது. சுபாரு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகிறது. யாரும் கைதட்டவில்லை.

“ஏண்ணே அது சுத்தல?”

“நாலு வீலும் பிடிக்குதுடா. எதைப் பிடிச்சு நிறுத்தி எதைச் சுத்துறது?”

கோட்டருகே சுபாரு ஊர்கிறது. மிக மெதுவாக. கம்பத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. நிற்கிறது. இன்னும் ஒரு சாண். இரண்டாவது விளக்கு. இனி அசையக் கூடாது. முன்சக்கரம் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சக்கரம் அதை விட்டு விலகும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும்.

சத்தம் ஏறுகிறது. ஒரு உயரத்தில் நின்று வெடிக்கிறது. பட பட பட பட.

“மிஸ்ஸிங் அடிக்குதே” என்கிறான் ஒரு பையன்.

விடுமுறைக்காரன் சிரிக்கிறான். வெகு நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்த சிரிப்பு. “டூ ஸ்டெப்” என்கிறான்.

மூன்று மஞ்சள். அரை விநாடிக்கு ஒன்று. பச்சை. சுபாருவின் பின்பக்கம் அமுங்குகிறது, மூக்கு எழுகிறது, வண்டி படத்தில் இல்லை. கேமரா பிடித்தவன் தாமதமாகத் திரும்புகிறான். சிவப்பு விளக்குகள் சிறுத்துப் போகின்றன. 402 மீட்டர். பலகையில் எண்கள் விழுகின்றன.

கட்டைவிரல் திரையை இழுக்கிறது. பச்சைக்கு முன்னால். மறுபடியும் பட பட பட பட. மறுபடியும் அமுங்குகிறது. மறுபடியும் இழுக்கிறது. ஓட்டம் முழுவதும் ஒரே ஒரு தடவைதான் பார்க்கப்பட்டது. அதன் பிறகு எல்லாம் அந்த முதல் நொடிதான்.

ஷெட்டின் உதவிப் பையன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறான். “பதினேழு” என்கிறது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். அவன் பதினான்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பி வருகிறான். பதினேழை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

விடுமுறைக்காரன் கவிழ்த்த ஆயில் டின்னின் மேல் உட்காருகிறான். செருப்புகளைக் கழற்றுகிறான். மணலில் இரண்டையும் பெடல் தூரத்தில் வைக்கிறான்.

“இது கிளட்ச். இது ஆக்சிலேட்டர்.”

வலது கால் செருப்பை முழுக்க அழுத்துகிறது. எடுக்கவில்லை.

“இன்ஜினை 5,000-த்துல பிடிச்சு வச்சிருக்கான். கால் தரையில. பெட்டி ஸ்பார்க்கை வெட்டி வெட்டி விடுது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் எரியுது. அதான் அந்தச் சத்தம். அந்தக் காத்துல டர்போ சுத்துது. வண்டி இன்னும் நகரல. ஆனா பூஸ்ட் வந்தாச்சு.”

பையன்கள் சத்தத்தை நினைவில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒருவன் வாயாலேயே செய்து பார்க்கிறான்.

“இப்ப இடது கால்.”

இடது கால் செருப்பின் மேல் இருக்கிறது. குதிகால் மணலில். முன்பாதம் மட்டும் எழுகிறது. பாதி எழுந்து நிற்கிறது. அங்கேயே நிற்கிறது. பெருவிரல் லேசாக நடுங்குகிறது. பிறகு முழுக்க எழுகிறது.

“அவ்வளவுதான்.”

“எவ்வளவு நேரம்ணே பிடிக்கணும்?”

“பிடிக்கறதுதான். நேரம்லாம் இல்ல.”

மறுபடியும் செய்கிறான். பையன்கள் மூவரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். மணலில் இப்போது நான்கு ஜோடி பெடல்கள். நான்கு இடது கால்கள் பாதியில் நிற்கின்றன. டீக்கடைக்காரர் காலி கிளாஸ்களை எடுக்க வருகிறார். கால்களைப் பார்க்கிறார். கிளாஸ்களை எண்ணுகிறார். போகிறார்.

ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நிற்கிறது. பின்னால் இரண்டு மீன் கூடை. ஐஸ் தண்ணீர் சாலையில் ஒழுகுகிறது. ஓட்டி வந்த அம்மாள் காற்றுக் குழாயை அவரே இழுத்துப் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொள்கிறார். எக்ஸ்எல்லில் கிளட்ச் பிடி கிடையாது. வேகம் கூடினால் உள்ளே இருக்கும் கட்டைகள் தாமே விரிந்து பிடித்துக்கொள்ளும். அம்மாள் ஆக்சிலேட்டரைத் திருகுகிறார். இரண்டு கூடையும் அவரும் ஒரே சீராகக் கிளம்புகிறார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கீழ ரெவ்ல விட்டா என்னண்ணே ஆகும்?”

“அமுங்கிரும். டர்போ மூச்சு விடறதுக்குள்ள பக்கத்து வண்டி வீட்டுக்குப் போயிரும்.”

“மேல வச்சு டபக்னு விட்டா?”

விடுமுறைக்காரன் வலது கை விரல்களை இடது கை விரல்களுக்குள் கோக்கிறான். ஒரு வெட்டு வெட்டுகிறான். விரல்கள் பிரிகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டுகிறான். கியர்ப் பல் அதில் இருப்பதாக மூவரும் குனிந்து பார்க்கிறார்கள்.

“பின்வீல் வண்டின்னா டயர் சறுக்கித் தப்பிச்சுக்கும். இதுல நாலு டயரும் பிடிச்சுக்குது. விடாது. அப்ப எங்கயோ ஒரு இடம் சறுக்கியாகணும். எது?”

பையன்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பரீட்சை ஹாலின் பார்வை.

“பிளேட்டு” என்கிறது காருக்கு அடியிலிருந்து குரல்.

விடுமுறைக்காரன் திரும்புகிறான். டிசையரின் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. ஒன்றில் செருப்பு இருக்கிறது.

டிரைவர் தரையில் கிடக்கும் பிளேட்டைப் பார்க்கிறார். பிறகு போனைப் பார்க்கிறார். பிறகு காரின் கீழே பார்க்கிறார்.

“அப்ப அவன் அடிக்கறதும் ஹாஃப் கிளட்ச்தானே?”

கீழேயிருந்து பதில் வரவில்லை. ஸ்பானர் திரும்பும் ஓசை வருகிறது.

விடுமுறைக்காரன் பர்ஸை எடுக்கிறான். திர்ஹாம் ஒன்று, ரூபாய் சில, ஒரு குழந்தையின் படம். படத்துக்குப் பின்னால் மடித்த சீட்டுகள். பஸ் டிக்கெட் அளவுத் தாள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தடத்தின் முடிவில் தரும் சீட்டு. வெப்பத்தில் அச்சாகும் தாள். பழைய சீட்டில் எழுத்து வெளுத்துவிட்டது. பர்ஸின் சூடும் அதற்கு ஆகவில்லை.

இரண்டு சீட்டுகளை ஆயில் டின்னின் மேல் பக்கம் பக்கமாக வைக்கிறான். காற்றில் பறக்காமல் ஒன்றின் மேல் நட், ஒன்றின் மேல் போல்ட்.

முதல் சீட்டில் அறுபது அடிக்கு 2.31 விநாடி. கால் மைலுக்கு 13.5.

இரண்டாவதில் அறுபது அடிக்கு 1.79. கால் மைலுக்கு 12.7.

“வேகத்தைப் பாரு.”

கடைசி வேகம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்று. மணிக்கு 169, மணிக்கு 170. அதே வண்டி, அதே இன்ஜின், அதே பெட்ரோல். முதல் பதினெட்டு மீட்டரில் விட்ட அரை விநாடி முக்கால் விநாடிக்கு மேலாக வளர்ந்து கடைசிக் கோட்டில் நிற்கிறது.

சீட்டின் மேலே இன்னோர் எண். பச்சை விழுந்ததிலிருந்து வண்டி அசையும் வரை ஆன நேரம். அது ஓட்ட நேரத்தில் சேராது. பச்சை விழுந்த பிறகு டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் 12.7 என்பது 12.7-தான். பக்கத்துத் தடக்காரன் ஜெயித்திருப்பான். அவ்வளவுதான்.

ஒரு பையன் சீட்டுகளைப் போனில் படமெடுக்கிறான். “உங்க பேரு இல்லையேண்ணே?”

“வண்டி நம்மது இல்லடா.”

“ஓட்டுறது?”

“முதலாளி.”

“நீங்க?”

விடுமுறைக்காரன் நட்டையும் போல்ட்டையும் எடுக்கிறான். சீட்டுகளை மடிக்கிறான். “இந்த ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவுல ஒரு பிளேட்டு மாத்தினேன்.”

குழந்தைப் படத்துக்குப் பின்னால் சீட்டுகள் போகின்றன.

மெக்கானிக் வெளியே வருகிறார். படுத்திருந்த அட்டைப் பெட்டியின் எழுத்துகள் முதுகில் பதிந்திருக்கின்றன. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார். போனுக்காகக் கை நீட்டுகிறார். கையில் கிரீஸ். விடுமுறைக்காரன் போனைத் தானே பிடித்துக் காட்டுகிறான்.

ஒரு தடவை பார்க்கிறார். இழுக்கச் சொல்லவில்லை.

“சோழவரத்துல இந்த விளக்குலாம் கிடையாது” என்கிறார். “கொடிதான்.”

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் வருஷா வருஷம் பந்தயம் வைத்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் திறந்த பிறகு சோழவரத்தில் சத்தம் அடங்கியது. மெக்கானிக் அந்தக் கடைசி வருஷங்களில் புதுப்பேட்டைக் கடையொன்றில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன். யாரோ முதலாளியின் காரோடு டிக்கியில் டூல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்.

பையன்கள் மேலும் கேட்கக் காத்திருக்கிறார்கள். அவர் புதுப் பிளேட்டின் அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறார். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். பிளேட்டின் முகத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்கிறார். பிளைவீலில் நீலம் பாய்ந்த புள்ளிகள். சூடு பட்ட இரும்பு. உப்புத்தாளால் வட்டமாகத் தேய்க்கிறார். வெகு நேரம் தேய்க்கிறார். புள்ளிகள் மங்குகின்றன. முழுக்கப் போகவில்லை.

விடுமுறைக்காரனின் போன் அடிக்கிறது. சின்னப்பா. படகு இறக்க ஆள் குறைகிறது. நால்வரும் இரண்டு பைக்கில் கிளம்புகிறார்கள்.

பட்டினச்சேரி. கரையில் மணல் மேடு. காளமேகப் புலவர் கோபத்தில் பாட, திருமலைராயன் ஊரில் மண்மாரி பெய்தது என்று கதை. பல நூறு வருஷமாகியும் ஊர்க்காரர்கள் வாசல் பெருக்கும்போது புலவரை நினைக்கிறார்கள், நல்ல விதமாக அல்ல. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவதும் இந்தக் கரைக்குத்தான். மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. மணலில் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

இன்று மாப்பிள்ளை இல்லை. தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்னப் படகுகள் போகின்றன. பச்சையும் மஞ்சளும் அடித்த ஒரு பைபர் படகு, பாதி மணலில், பாதி நுரையில்.

எட்டுப் பேர் தோள் கொடுக்கிறார்கள். சின்னப்பா பின்னால் இன்ஜின் பிடியில். கடலைப் பார்க்கிறார். ஒரு அலை. ஒருவரும் தள்ளவில்லை. இன்னொரு அலை. பெரியது. படகு தூக்கிப் போடுகிறது. தோள்கள் அசையவில்லை. மூன்றாவது. சின்னப்பா வாயைத் திறக்கவில்லை. நான்காவது அலை உடைந்து நுரை திரும்பும்போது தலையை மட்டும் அசைக்கிறார்.

எட்டுப் பேரும் ஒன்றாகத் தள்ளுகிறார்கள். மணல் சறுக்குகிறது. இடுப்புத் தண்ணீர். இன்ஜின் உறுமுகிறது. காற்றாடி இன்னும் தண்ணீருக்கு மேலே வெறுமனே சுற்றுகிறது. சின்னப்பா அவசரப்படவில்லை. படகு இன்னும் இரண்டு முழம் போகிறது. தண்டை மெல்ல இறக்குகிறார். காற்றாடி தண்ணீரைக் கவ்வுகிறது. படகின் மூக்கு எழுகிறது. அடுத்த அலை உடைவதற்குள் அதன் முதுகில் ஏறி அப்பால் இறங்குகிறது.

மூன்று பையன்களின் போன்களும் நனையாமல் இருக்கப் பைக்கின் பெட்டிக்குள் இருக்கின்றன.

விடுமுறைக்காரன் கால்சட்டையைப் பிழிகிறான். ஒர்க்‌ஷாப்பின் பெயரிலிருந்து தண்ணீர் வடிகிறது. “சின்னப்பா சரியா விட்டாரு” என்கிறான். யாரிடமும் குறிப்பாக அல்ல.

ஷெட்டில் கியர்பாக்ஸ் ஏறிவிட்டது. வண்டி கட்டையிலிருந்து இறங்கிவிட்டது. சாக்கின் மேல் அதன் வடிவத்தில் எண்ணெய். மெக்கானிக் கேபிளின் நட்டைக் கால் சுற்றுத் திருகுகிறார். பெடலைக் கையால் அழுத்துகிறார். விடுகிறார். இன்னும் கால் சுற்று. அழுத்துகிறார். அரைச் சுற்றுத் திரும்ப அவிழ்க்கிறார்.

“ஏறிப் பாரு.”

டிரைவர் ஏறுகிறார். சாவி. இன்ஜின் பிடிக்கிறது. முதல் கியர். இத்தனை நாள் பெடல் மேலே வந்துதான் பிடிக்கும். இப்போது கீழேயே பிடிக்கிறது. வண்டி ஒரு குதி குதித்து அணைகிறது. பூவரசின் கீழே வந்து சேர்ந்த பையன்கள் சிரிக்கிறார்கள். டிரைவரும் சிரிக்கிறார். மெக்கானிக் சிரிக்கவில்லை.

இரண்டாவது தடவை. இடது கால் மெல்ல எழுகிறது. டிசையர் வாசல் மணலைக் கடந்து தார்ச்சாலையில் ஏறுகிறது. நாகூர் பக்கம் போகிறது. பெட்ரோல் பங்க்கில் டிஎன் 51 பைக்குகளின் வரிசையைத் தாண்டுகிறது. புதுச்சேரி வரி குறைவு. வரிசை எல்லா நேரமும் இருக்கும். அங்கே திரும்பி வருகிறது.

“வெண்ணெய் மாதிரி இருக்குண்ணே.”

“அந்தக் காலை எடு.”

“எந்தக் கால்?”

மெக்கானிக் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்கிறார். வண்டி நியூட்ரலில் நிற்கிறது. டிரைவரின் இடது கால் பெடலின் மேல் இருக்கிறது. அழுத்தவில்லை. சும்மா இருக்கிறது. டிரைவர் காலை எடுத்துத் தரையில் வைக்கிறார்.

பழைய பிளேட் இன்னும் தரையில் கிடக்கிறது. ஒரு பையன் அதைக் கையில் எடுக்கிறான். முகர்ந்து பார்க்கிறான். “இதைத் தாங்கண்ணே, ரூம்ல மாட்டுறேன்.”

“காயலாங்கடைல கிலோ கணக்கு. காசு குடுத்துட்டு எடுத்துக்க.”

பையன் கீழே வைக்கிறான்.

மெக்கானிக் புதுப் பிளேட் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து உள்பக்கத்தில் எழுதுகிறார். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கியர் ஆயில். கூலி. கீழே கோடு. கூட்டிப் பார்க்கிறார். டிரைவர் தலைகீழாகவே படிக்கிறார்.

“பேரிங் பழசே போட்டிருக்கலாமேண்ணே?”

“போட்டிருக்கலாம். அடுத்த மாசம் திரும்ப இறக்கலாம்.”

“நூறு ரூபா குறைங்க.”

மெக்கானிக் பென்சிலை எடுக்கிறார். பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார். டீ, ஆறு.